கேட்காமல் போட்ட டிக்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். எங்கள் மனநல மருத்துவமனையின் காந்தத் தூண்டல் அறையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். புது மிஷின் வந்திருக்கிறதாம். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சிக் கையேடு ஒன்று அச்சடிக்கிறார்களாம். "சார், முதல் மிஷின் வந்தப்போ இருந்த ஆளு நீங்க ஒருத்தர்தான். நாலு பக்கம் எழுதிக் குடுங்க. மறக்க முடியாத கேஸ் ஒண்ணாவது அதுல வரணும்" என்றாள்.

ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தை எழுதித் தா என்றால் சும்மா இருப்பானா? இரண்டே நாளில் எழுதிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் எழுதினேன். அதில் தென்னேரி யுவராஜின் கேஸும் இருந்தது. ஒரு வாரம் கழித்து ரேவதி கையேட்டுப் பக்கங்களை வாட்ஸப்பில் அனுப்பினாள். என் கட்டுரைக்குக் கீழே கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள். "பாடம்: நோயாளியின் குடும்பத்தார் உண்மையை மறைப்பார்கள். எச்சரிக்கையாக இருங்கள்."

அந்த வரி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். ஆறு வருஷமாக என்னோடு கிடந்த பொய்யை இனி இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யப் போகிறார்கள். உடனே ரேவதியைக் கூப்பிட்டு, அந்தக் கட்டுரையை எடுத்துவிடு, வேறு எழுதித் தருகிறேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதுதான் அது.

என் பெயர் சாமுவேல். தாமல் ஏரிக்குக் கீழே எங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். எனக்கு மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலை கிடைத்தபோது பாதிரியார் வந்து வீட்டில் ஜெபம் செய்துவிட்டுப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் மனநோய் வார்டில் இருந்தேன். மின்அதிர்ச்சி கொடுக்கும் அறையில் நோயாளியின் கால்மாட்டில் நின்று பாதத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலையாக இருந்தது. படித்துத் தெரிந்துகொண்டது குறைவு. பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

அப்புறம் டாக்டர் சுகந்தி வந்தார். பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றின் கோடியில் இருந்த எங்கள் சிறிய மருத்துவமனைக்கு அந்த மிஷினை வரவழைத்தவர் அவர்தான். என்னை அழைத்து, "சாமுவேல், பெங்களூர் போய்ப் பத்து நாள் கத்துக்கிட்டு வாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கிலம் தெரியாதே என்றேன். "மிஷினுக்கும் தெரியாது" என்றார். சிரிக்காமல் சொல்லுவார். போய்க் கற்றுக்கொண்டு வந்தேன்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்குக் காதில் குரல் கேட்கும். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் திட்டும், கட்டளை போடும், கேலி செய்யும். மாத்திரையில் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். சிலருக்கு எத்தனை மாத்திரை மாற்றினாலும் அடங்காது. இந்தக் காந்தத் தூண்டலை அப்படிப்பட்டவர்களுக்குத்தான் வைப்போம். மயக்க மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. எட்டு என்ற எண்ணைப் படுக்கப்போட்டது போல ஒரு காயில், கம்பிச் சுருள். அதை இடது காதுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாகத் தலையில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். நொடிக்கு ஒரு தடவை 'டக்' என்று தட்டும். இருபது நிமிடம். ஞாயிறு தவிர தினமும், மூன்று நான்கு வாரம். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு நன்றாகக் குணம் தெரிந்தது. சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்று டாக்டருக்கே முழுதாகத் தெரியாது. அதை அவர் நோயாளியிடமே சொல்லிவிடுவார்.

பக்கத்து வீடுகளில் தறி ஓடும் சத்தம் நாள் முழுக்க உண்டு. ஒரு நெசவாளி முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இன்னா சார், உங்க தறி ஒத்த மிதியிலயே ஓடுது, பாவு நூலு எப்போ முடியும்?" என்றார். காயிலைப் பிடித்திருந்த என் கை சிரிப்பில் நழுவிவிட்டது. அப்படிப்பட்ட நாட்களும் இருந்தன.

முதலில் அளவு பார்க்க வேண்டும். அதில்தான் என் கை தேர்ந்தது. ஒவ்வொரு தலைக்கும் எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கட்டை விரல்தான் சொல்லும். காயிலை உச்சிக்கு இடது பக்கத்தில், கையை அசைக்கும் இடத்தின் மேல் வைத்து, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். வலது கையை மடியில் தளர விட்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில், அவர்கள் அசைக்காமலே, கட்டை விரல் மட்டும் துள்ளும். பத்துத் தட்டுக்கு ஐந்து தடவை துள்ளும் இடம்தான் அந்த ஆளின் அளவு. அதை வைத்துத்தான் சிகிச்சைக்கான விசையைக் கணக்கிடுவோம். திங்கள்தோறும் புதிதாகப் பார்க்க வேண்டும். போன வாரத்து அளவிலிருந்து ரொம்ப மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மிஷின் வந்த அன்று அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் டாக்டர் சுகந்தி. "என் தலையில வைக்காததை அவங்க தலையில வைக்கமாட்டேன்" என்று என்னைத் தன் அளவைப் பார்க்கச் சொன்னார். அவருடைய கட்டை விரல் துள்ளியதும் குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் உட்காரவைத்துப் பார்த்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியைவிடத் தாழ உட்காருவார். கூட வந்தவர் பேச ஆரம்பித்தால் கையை லேசாக உயர்த்துவார். "இருங்க, முதல்ல இவங்க சொல்லட்டும்." நோயாளி பேச அரை மணி ஆனாலும் காத்திருப்பார். எங்களுக்குக் கால் கடுக்கும்.

ஒரு தடவை ஒரு நெசவாளியின் மனைவி வந்தார். மிஷினுக்கு முன்னால் கழுத்திலோ அதற்கு மேலோ உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றினார். தாலிச் சங்கிலிக்கு வந்ததும் மாமியார் எழுந்துவிட்டார். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்றுவதா என்று சண்டை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மாமியாரிடமும் கணவரிடமும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், அந்தப் பெண்ணிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா, என்ன செய்யலாம்?" அந்தப் பெண், "மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டு கட்டிக்கினு வர்றேன்" என்றார். தாலி அடகுக்குப் போன நாளில் எல்லாரும் செய்வதுதான். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. குரல் கேட்கிற பெண்ணுக்குத் தோன்றியது. அன்று டாக்டர் என்னைத் திட்டவில்லை. திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நான் செய்ததைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

தினமும் காயிலைத் தலையில் வைக்கும் முன் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். காலையில் சாப்பிட்டீர்களா. மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா, புதிதாகச் சேர்ந்ததா. குடித்தீர்களா. தலைவலி, கை கால் வெட்டுதல் உண்டா. தூக்கமும் சாப்பாடும் இல்லாத மூளை வலிப்புக்குச் சுலபமாக இடம் கொடுக்கும். அதுவும் கடைசி மருந்தாகக் கொடுக்கிற ஒரு மாத்திரை இருக்கிறது, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். ஒரு தாளில் கட்டம் போட்டு, நாளுக்கு ஐந்து டிக். "கேட்டுட்டு டிக் போடுங்க சாமுவேல்" என்று டாக்டர் முதல் வாரத்தில் மூன்று முறை சொன்னார்.

முதல் வருஷம் கேட்டேன். இரண்டாவது வருஷம் கூட வந்தவரை மட்டும் கேட்டேன். "தூங்கினாராம்மா?" அவர்கள் தலையாட்டுவார்கள். அதற்கப்புறம் அதுவும் போயிற்று. காலை ஒன்பதுக்குக் கதவைத் திறந்தால் மதியம் வரை ஆள் மாற்றி ஆள். எல்லாரும் தினமும் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் டீ குடிக்கும்போதே அந்த வாரத்துத் தாள்களை எடுத்து, சனிக்கிழமை வரைக்கும் டிக் போட்டு வைத்துவிடுவேன். அறை சுத்தமாக இருந்தது, நேரம் தவறவில்லை, அளவு பிசகவில்லை. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுவராஜ் வந்தது அந்தச் சமயத்தில். இருபத்தெட்டு வயது. ஐடிஐ முடித்து ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். உருப்படிகளை அளந்து பார்த்துத் தள்ளுவதா கொள்ளுவதா என்று பிரிக்கிற வேலை. நோய் வந்ததும் அவனுடைய பழைய சூப்பர்வைசரின் குரல் காதில் உட்கார்ந்துகொண்டது. சோற்றைப் பிசைந்தால் "ரிஜெக்ட்". சட்டை போட்டால் "ரிஜெக்ட்". அம்மாவிடம் பேசினால் "ரிஜெக்ட்". நான்கு வருஷம் மாத்திரை. கடைசி மருந்தும் கொடுத்தாயிற்று. குரல் நிற்கவில்லை.

அவன் அம்மா அஞ்சலை தினமும் தென்னேரியிலிருந்து பஸ் ஏறி, வாலாஜாபாத்தில் மாறி, அவனைக் கூட்டிக்கொண்டு வருவார். எட்டரைக்கெல்லாம் எங்கள் வாசலில் நிற்பார். அறைக்குள் வந்ததும் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் மகனை உட்காரச் சொல்வார்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரக் கடைசியில் யுவராஜ் தானாகப் பேசினான். "சார், சூப்பர்வைசரு இப்போ கம்பெனி கேட்டுக்கு வெளிய நின்னுக்கினு கத்துறாரு. உள்ள வர்றதில்ல." நான் டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் வந்து முக்காலியில் உட்கார்ந்து, வெளியே நின்றால் குரல் எப்படிக் கேட்கிறது, என்ன சொல்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அன்று கதவுக்கு வெளியே அஞ்சலை சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். "ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் துன்னான் சார். கேட்டு வாங்கித் துன்னான்" என்றார். என் இத்தனை வருஷ வேலையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அளவு பார்க்க யுவராஜின் வலது கையை மடியில் எடுத்து வைத்தேன். மணிக்கட்டில் புது மஞ்சள் காப்பு. மஞ்சள் தடவிய கயிறு, நடுவில் மஞ்சள் கிழங்குத் துண்டு. கட்டை விரல் தெரிய வேண்டுமே என்று நானே அதை மேலே தள்ளிவிட்டேன். நிமிர்ந்தால் அஞ்சலையின் கையிலும் காப்பு. ஊரில் அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. காப்புக் கட்டினால் ஒரு வேளைச் சாப்பாடு. திருவிழா முடியும் வரை ஊரே விழித்திருந்து தெருக்கூத்துப் பார்க்கும். வேண்டுதல்காரர்கள் கோயிலிலேயே இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இதே கூத்து நடக்கும். திடலின் ஓரத்தில், வெளிச்சம் எட்டாத இடத்தில், எங்கள் காலனிக்காரர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. சின்ன வயதில் அங்கே உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்கி அடி வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விரல், போன வாரத்தைவிட நன்றாகக் குறைந்த விசையிலேயே துள்ளியது. டாக்டரிடம் சொல்ல வேண்டிய மாற்றம். வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அளவைக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

புதன்கிழமை யுவராஜ் நாற்காலியில் உட்காரும்போதே கண் சிவந்திருந்தது. காயிலை வைத்தேன். தட்டு ஆரம்பித்தது. அவன் உற்சாகமாகப் பேசினான். "சார், நேத்து கூத்துல கட்டியங்காரன் இன்னா ஆட்டம் தெரியுமா, நான் ஒக்காந்த எடத்த வுட்டு..." நான் சொன்னேன். "பேசாதப்பா, தலை ஆடுது."

அவன் வாயை மூடிக்கொண்டான். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பான்.

பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, வலது கட்டை விரல் துள்ளியது. அந்த இடத்தில் காயில் இருக்கும்போது விரல் துள்ளக் கூடாது. பிறகு கை. பிறகு முகம் ஒரு பக்கமாக இழுத்தது. காயிலை எடுத்து மிஷினை நிறுத்துவதற்குள் உடம்பு முழுக்க வெட்டத் தொடங்கிவிட்டது. நாற்காலியைச் சாய்த்து, அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, சிஸ்டரைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒன்றரை நிமிடம் இருக்கலாம். ஊசி போடுவதற்கு முன்பே நின்றுவிட்டது. வாயோரம் நுரையும் ரத்தமும். நாக்கைக் கடித்திருந்தான். அஞ்சலை உள்ளே வந்து, ஒரு சத்தம் போடாமல், முந்தானையால் அவன் வாயைத் துடைத்தார்.

அவனை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் அறையில் தனியாக இருந்தேன். அப்போது செய்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அந்த வாரத்துத் தாளில் வியாழன், வெள்ளி, சனிக்கும் டிக் இருந்தது. அதைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதுத் தாள் எடுத்தேன். திங்கள், செவ்வாய், புதனுக்கு மட்டும் டிக் போட்டேன். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேனா மாற்றிப் போட்டேன். வார்டில் அந்தப் பையன் தன் பெயர் தெரியாமல் விழித்துக்கொண்டு கிடந்தான். நான் பேனா மாற்றிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சுகந்தி வெளியூரில் ஒரு கூட்டத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தார். அஞ்சலையை உட்காரவைத்துக் கேட்டார். அஞ்சலை எல்லாவற்றையும் சொன்னார். காப்பு, ஒரு வேளைச் சாப்பாடு, மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. புள்ளைக்குக் குணமாகுது, அம்மனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று அவனையே தீ மிதிக்க நேர்ந்துகொண்டது. டாக்டரின் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இதை ஏன்மா எங்ககிட்ட சொல்லல?"

அஞ்சலை என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "தெனமும் கேட்டேன் டாக்டர். தூங்கினான், சாப்ட்டான்னுதான் சொன்னாங்க." தாளை நீட்டினேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "கையில காப்பு இருந்ததே சாமுவேல். அளவு பார்க்கும்போது தெரியலையா?"

"எங்களுக்கு அதெல்லாம் தெரியாது டாக்டர். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றேன்.

பிழைத்துக்கொள்வதற்கு நான் எடுத்துக்கொண்டது என் சாமியை. டாக்டர் அதை நம்பினார். அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றி மேலே கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர் அவர். அஞ்சலை ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "ஆமாங்க டாக்டரம்மா. எம்மேலதான் தப்பு" என்றார். அந்தப் பெண் ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று எனக்குப் புரியவில்லை என்றால் அதுவும் பொய். எதிர்த்துப் பேசினால் மகனுக்கு வைத்தியம் நின்றுவிடும் என்று பயந்தார்.

பயந்தது போலவே நின்றும் போயிற்று. காரணம் தெரிந்த வலிப்புதானே, யோசித்து மறுபடி தொடரலாம் என்று டாக்டர் முதலில் சொன்னதாக ஞாபகம். இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னார். "வேண்டாம். கேட்டும் மறைக்கிற குடும்பம்னா, அடுத்த தடவை என்ன மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அவன் தலையோட நான் விளையாட முடியாது." நியாயமான பேச்சு. பொய்யின் மேல் கட்டிய நியாயம். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு மாதத்தில் சூப்பர்வைசர் மறுபடி கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டார் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு எல்லாரையும் தினமும் ஐந்து கேள்வியும் கேட்டேன். ஓய்வு பெறுகிற நாள் வரை ஒரு நாள் தவறாமல் கேட்டேன். அதனால் யுவராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கையேட்டுப் பக்கம் வந்த மறுநாள் தென்னேரிக்குப் போனேன். ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அஞ்சலை வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க சார், ஒக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரோரம் யுவராஜ் குந்தியிருந்தான். இரண்டு காதிலும் இயர்போன்.

நின்றுகொண்டே சொன்னேன். கேட்காமல் டிக் போட்டதை, காப்பைப் பார்த்ததை, தாளைக் கிழித்ததை, டாக்டரிடம் சொன்ன இரண்டு பொய்யை. எல்லாவற்றையும் அஞ்சலையைப் பார்த்துச் சொன்னேன். முடித்துவிட்டு, "மன்னிச்சிடும்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அம்மன்தான் கோச்சிக்கினான்னு இருந்தேன் சார். அந்த வருஷம் நேர்ந்துக்கினத முடிக்கல, அதான் புள்ளைக்கு இப்டி ஆச்சுன்னு. அதுலேந்து கோயில் வாசல மிதிக்கல நானு." பிறகு சொன்னார். "எங்கிட்ட இன்னாத்துக்கு மன்னிப்பு? அவன் தலைதான? அவங்கிட்ட சொல்லுங்க."

யுவராஜ் அதற்குள் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்திருந்தான். அவன் எனக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தான். மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் அவன் தலைக்கு மேலேயே பேசியிருக்கிறேன். அந்த வெட்கத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவன் இடையில் பேசாமல் கேட்டான். பாட்டு இயர்போனில் சின்னதாக இரைந்துகொண்டிருந்தது.

"அப்போ மெஷின் வெக்கலாமா சார்?" என்றான்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. "டேய், சும்மா இரு" என்றார் அஞ்சலை.

"இல்லமா. எங்க மேல தப்பில்லனா வெக்கலாம்தான?" என்னைப் பார்த்தான். "இப்போ உள்ளயே குந்திக்கினு இருக்காரு சார். பாட்டு நின்னா பேச ஆரம்பிச்சுருவாரு."

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்பா" என்றேன்.

"எப்போ கேப்பீங்க?"

அங்கேயே போனை எடுத்தேன். டாக்டர் சுகந்தி இரண்டாவது மணியில் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்குக் காலையில கூட்டிக்கிட்டு வாங்க. மறுபடி வைக்கலாமான்னு இப்போ சொல்ல முடியாது. புதுசாப் பரிசோதனை எல்லாம் பண்ணிப் பார்க்கணும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க உள்ளே வர வேண்டாம் சாமுவேல்" என்றார். அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

மறுநாள் அவர்களோடு பஸ்ஸில் போனேன். யுவராஜை மட்டும் உள்ளே அழைத்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. கூட வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் அஞ்சலை ஒரு கோடியிலும் நான் ஒரு கோடியிலும் உட்கார்ந்தோம். இத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பாமல், மெதுவாகச் சொன்னார்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்."